24 காட்ட வேண்டிய இடத்தில் 16 காட்டுதா? ப்ராசஸர் கணக்கு குறைய இதுவும் காரணம்!

புது கம்ப்யூட்டர் வாங்கியாச்சு. பெட்டியில் 16 கோர், 24 த்ரெட் என்று போட்டிருக்கு. ஆனால் விண்டோஸில் 16 மட்டும்தான் தெரியுது. கடைக்காரர் ஏமாத்திட்டாரா? சிப் பழுதா? சண்டைக்குக் கிளம்பும் முன் பயாஸ் செட்டிங்ஸை ஒருமுறை பாருங்க.

கணக்கு சொல்வது யார்?

பவர் பட்டனை அழுத்தியதும் விண்டோஸுக்கு முன்பே இயங்குவது மதர்போர்டில் இருக்கும் ஃபர்ம்வேர். பழைய கம்ப்யூட்டர்களில் பயாஸ், இப்போது யுஇஎஃப்ஐ. எந்தெந்த ப்ராசஸர்களைப் பயன்படுத்தலாம் என்று இது ஒரு பட்டியல் போடும். பெயர் எம்ஏடிடி. முதலில் ஒரு கோர்தான் வேலையைத் தொடங்கும். மற்றவற்றை இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் ஆப்பரேட்டிங் சிஸ்டம் எழுப்பும்.

வாக்காளர் பட்டியல் மாதிரிதான். ஆள் நேரில் நின்றாலும், பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஓட்டு போட முடியாது.

ஒரே 16, ரெண்டு காரணம்

இன்டெல் கோர் ஐ9-12900கே சிப்பில் 8 பெரிய கோர்கள், 8 சிறிய கோர்கள். ஹைப்பர் த்ரெடிங் வசதியால் ஒவ்வொரு பெரிய கோரும் ரெண்டாகத் தெரியும். 16 + 8 = 24.

பயாஸில் ஹைப்பர் த்ரெடிங்கை ஆஃப் செய்தால் 16. அதை விட்டுவிட்டு சிறிய கோர்களை ஆஃப் செய்தாலும் அதே 16! ஆனால் முதல் வகையில் நிஜ கோர்கள் 16, இரண்டாவதில் வெறும் 8.

அதனால் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், சிபியு பகுதிக்குப் போய் 'கோர்ஸ்', 'லாஜிக்கல் ப்ராசஸர்ஸ்' என ரெண்டு வரியையும் பாருங்க.

வேணும்னே ஆஃப் செய்வாங்களா?

ஆமாம். 2019 மே மாதம் இன்டெல் சிப்களில் பாதுகாப்புக் குறை வெளியானபோது, குரோம் ஓஎஸ் 74-ல் கூகுளே ஹைப்பர் த்ரெடிங்கை நிறுத்தியது. இது ஆப்பரேட்டிங் சிஸ்டம் தரப்பில் எடுத்த முடிவு. கோர் அல்ட்ரா 9 285கே சிப்பில் அந்த வசதியே கிடையாது. அதில் 24 கோருக்கு 24 த்ரெட் என்பதே சரியான கணக்கு.

என்ன செய்யலாம்?

* கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது டெலிட் அல்லது எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போங்க. பட்டன் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.
* ஹைப்பர் த்ரெடிங், கோர் எண்ணிக்கை செட்டிங்ஸைப் பாருங்க. ஏஎம்டி என்றால் எஸ்எம்டி என்று இருக்கும்.
* பிட்லாக்கர் போட்டிருந்தால், எதையும் மாற்றும் முன் ரெக்கவரி கீயை எடுத்து வைங்க. விண்டோஸ் அதைக் கேட்கலாம்.
* எம்எஸ்கான்ஃபிக்கில் 'நம்பர் ஆஃப் ப்ராசஸர்ஸ்' டிக் செய்தால் வேகம் கூடும் என்பது பொய். அது எண்ணிக்கையைக் குறைக்க மட்டுமே பயன்படும். டிக் இருந்தால் எடுத்துடுங்க.

இதெல்லாம் பார்த்தும் கணக்கு சரியாகலையா? அப்போ பில்லோடு கடைக்குப் போகலாம்.