ஆடிச் சாரலும் பங்குனிப் பழுதும்

சாரல் என்றதும் உங்களுக்கு என்ன நினைவு வருகிறது? ஐந்தருவியும், எண்ணெய்க் குளியலும், மங்குஸ்தான் பழமும்தானே? தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே வீடு கட்டித் தோட்டம் போட்டிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். சாரலுக்கு இன்னொரு குணமும் உண்டு என்பார்கள். ஆடியில் அது செய்த குறும்பு பங்குனியில்தான் வெளிப்படும்!

ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று, கேட்காமலே தோட்டத்துக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுப் போகிறது. பங்குனி வெயிலிலோ அதே தோட்டம் ஒரு குடம் தண்ணீருக்கு ஏங்குகிறது. அதற்காகவே பலர் தானாகத் தண்ணீர் திறந்து மூடும் பெட்டியைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். நேரத்தைக் குறித்துவிட்டு நிம்மதியாக வெளியூர் போகலாம். ஆனால், பத்து நாள் கழித்துத் திரும்பும்போது எலுமிச்சைப் பிஞ்செல்லாம் உதிர்ந்து கிடந்தால்?

உடனே, "பெட்டி போய்விட்டது, புதிது வாங்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். அந்த ஏழை பெரும்பாலும் நிரபராதி!

விஷயம் இதுதான். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை டிரான்ஸ்பார்மர் 24 வோல்ட்டாகக் குறைக்கிறது. அது மண்ணுக்குள் ஓடும் கம்பி வழியாக வால்வுக்குப் போகிறது. வால்வின் தலையிலுள்ள செப்புக் கம்பிச் சுருள் காந்தமாகி, ஒரு சிறு இரும்புத் தண்டைத் தூக்குகிறது. அதனால் ரப்பர்த் தகட்டின் மேலுள்ள அழுத்தம் குறைந்து, தகடு எழும்பி, தண்ணீர் பாய்கிறது.

பழுதைத் தேடும்போது முதலில் ஒரு கேள்வி கேளுங்கள். எல்லா வால்வுகளும் திறக்கவில்லையா, ஒன்று மட்டுமா? எல்லாமே என்றால் டிரான்ஸ்பார்மர், ஃபியூஸ், அல்லது எல்லா வால்வுகளுக்கும் பொதுவாகப் போகும் கம்பி, இவற்றைச் சந்தேகியுங்கள். மழை உணரும் கருவி இருந்தால் அதையும் பாருங்கள். சாரலில் அது நனைந்திருந்தால் பெட்டி தண்ணீர் விடாது. அது பழுதல்ல; சொன்ன சொல் தட்டாத பிள்ளையின் குணம்!

ஒரு வால்வு மட்டும் திறக்கவில்லையா? மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அந்த வால்வின் கம்பியைப் பெட்டியில் நன்றாக வேலை செய்யும் வேறோர் இடத்தில் மாட்டுங்கள். பிறகு மின்சாரம் கொடுங்கள். இப்போது வால்வு திறந்தால் குற்றம் பெட்டியில். திறக்காவிட்டால் பெட்டிக்கு விடுதலை! குற்றவாளி தோட்டத்தில் இருக்கிறான்.

அவனைப் பிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். மீண்டும் மின்சாரத்தை நிறுத்தி, அந்த வால்வின் கம்பியையும் பொதுக் கம்பியையும் பெட்டியிலிருந்து கழற்றி, இரண்டுக்கும் இடையே ஓம் அளவைப் பாருங்கள். 24 வோல்ட் வால்வு என்றால் சாதாரணமாக 20 முதல் 60 ஓம் வரை காட்டும். (பாட்டரியில் ஓடும் பெட்டிகளுக்குக் கணக்கு வேறு.) மிகக் குறைவாக இருந்தால் சுருளோ கம்பியோ உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டுவிட்டது, ஃபியூஸ் அடிக்கடி போவதும் இதனால்தான். அளவே காட்டாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. வால்வின் அருகே போய், இணைப்பைப் பிரித்துச் சுருளை மட்டும் அளந்து பாருங்கள். அது சரியாக இருந்தால் கம்பியில்தான் கோளாறு. அதிலும் பெரும்பாலும் இணைப்பு முடிச்சில்தான்!

சாரலின் குறும்பு இதுதான். வெறும் டேப் சுற்றி மண்ணில் புதைத்த முடிச்சுக்குள் ஈரம் இறங்குகிறது. செம்பில் பச்சைக் களிம்பு ஏறுகிறது. சாரல் காலத்தில் பெட்டிக்கு வேலை இல்லாததால் யாரும் கவனிப்பதில்லை. வெயில் வந்து வால்வைக் கூப்பிடும்போதுதான் அது செவிடாகியிருப்பது தெரிகிறது. களிம்பேறிய முனையை வெட்டிவிட்டுப் புதிதாக முறுக்கி, உள்ளே பசை நிரப்பிய, நீர் புகாத இணைப்பானில் செருகுங்கள். செலவு சில ரூபாய்தான்.

தண்ணீர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் அநேகமாக மின்சாரத்தின் குற்றம் இல்லை. ரப்பர்த் தகட்டின் அடியில் மணலோ கல்லோ சிக்கியிருக்கும். தண்ணீரை அடைத்து, வால்வைத் திறந்து கழுவினால் போதும்.

ஒரு எச்சரிக்கை. 24 வோல்ட் பக்கத்தை நீங்கள் பார்க்கலாம். 230 வோல்ட் பக்கத்தையும், மோட்டார் ஸ்டார்ட்டரையும் ஈரக் கையோடு நெருங்கவே வேண்டாம். அது எலக்ட்ரீஷியனின் வேலை. எலுமிச்சையை மறுபடி நட்டுக்கொள்ளலாம். உயிரை நட முடியுமா?

ஆகவே, சாரல் ஓய்ந்ததும் ஒரு நாள் மாலை ஒவ்வொரு வால்வையும் திறந்து மூடிப் பாருங்கள். கால்மணி நேர வேலை. பங்குனியில் உங்கள் எலுமிச்சை அதற்கு நன்றி சொல்லும்.