நள்ளிரவின் கதவு

இசையை நுகர்தற்குச் செவி ஒன்றே போதும் என்பர் சிலர். மொழி விளங்காத பாட்டில் இன்பம் இல்லை என்பர் வேறு சிலர். இவ்விரண்டும் முழு உண்மை அல்ல என்பதனை ஜப்பானிய மெல்லிசைப் பாடல் ஒன்றின் வரலாறு நன்கு விளக்கும்.

இரண்டாம் உலகப் போரிற் பேரழிவுற்ற ஜப்பான், தன் மக்களின் உழைப்பாற் சில பத்தாண்டுகளிலேயே செல்வ நாடாயிற்று. டோக்கியோ முதலிய நகரங்களில் உயர்ந்த மாடங்களும் அகன்ற நெடுஞ்சாலைகளும் எழுந்தன. நடந்துகொண்டே இசை கேட்டற்குரிய ‘வாக்மன்’ என்னும் சிறு கருவி 1979-இல் விற்பனைக்கு வந்தது. இங்ஙனம் மாறிய நகர வாழ்விற்கு ஏற்றதாய், அமெரிக்க ஜாஸ் முதலிய இசைவகைகளின் தாளத்தைத் தழுவி, ஜப்பானிய மொழியில் ஒரு புதிய மெல்லிசை தழைத்தது. அதனைச் ‘சிட்டி பாப்’, அதாவது நகர மெல்லிசை, என வழங்குவர்.

1979-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், ‘நள்ளிரவின் கதவு’ என்று பொருள்படும் தலைப்புடன் ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. யோஷிகோ மியூரா இயற்றிய பாட்டிற்கு டெட்சுஜி ஹயாஷி இசையமைத்தார். பாடியவர் மிக்கி மட்சுபாரா என்னும் இளநங்கை. அப்பொழுது அவருக்கு வயது பத்தொன்பதே. அதுவே அவருடைய முதல் இசைத்தட்டு.

அப்பாடலை முதன்முறை கேட்போர், அதனை மகிழ்ச்சிப் பாடல் என்றே கருதுவர். முழவின் தாளம் விரைந்து செல்லும். கித்தாரின் தாழ்ந்த ஒலி துள்ளி நடக்கும். ஆயின், பாட்டின் பொருளோ பிரிவுத் துயர். தன்னை நீங்கிய காதலனை, பருவங்கள் மாறியும் மறக்கவியலாத ஒருத்தியின் ஏக்கமே அது. துயரத்தை அழுகுரலாற் கூறாது, ஆடத்தகும் தாளத்தினுள் அடக்கிக் கூறுதலே அதன் நயம். தாளத்தை மட்டும் கேட்பவர் ஏக்கத்தை இழப்பர். சொல்லை மட்டும் படிப்பவர் அவ்வடக்கத்தை இழப்பர்.

நாற்பத்தோர் ஆண்டுகள் கழிந்தன. 2020-இன் இறுதியில் இணையத்தின் வழியே அப்பாடல் உலகெங்கும் பரவிற்று. ஜப்பானியத் தாய்மாரைப் பெற்ற இளைஞர் பலர், அதனை வீட்டில் ஒலிக்கச் செய்தனர். பாட்டைக் கேட்ட அன்னையர் முகம் மலர்ந்து, தம் இளமை மீண்டாற்போல உடன் பாடினர். அக்காட்சிகளைப் பிள்ளைகள் படம்பிடித்து உலகிற்குக் காட்டினர். தம் தாயும் ஒரு காலத்தில் கனவுகள் நிறைந்த இளம்பெண்ணாய் இருந்தனள் என்பதனை அவர்கள் அன்று கண்டனர். அவ்வாண்டு டிசம்பரில், ‘ஸ்பாட்டிஃபை’ என்னும் இசைத்தளத்தில், விரைந்து பரவும் பாடல்களின் உலகப் பட்டியலில் அஃது முதலிடம் பெற்றது.

அப்புகழைக் காண மட்சுபாரா உயிரோடு இல்லை. புற்றுநோய்வாய்ப்பட்டு, 2004-இல், தம் நாற்பத்து நான்காம் வயதிலேயே அவர் மறைந்தார். அவர் பாடிய மொழியை அறியாதோர் பல்லாயிரவர் இன்று அப்பாடலை விரும்பிக் கேட்கின்றனர். செவி அவர்களைக் கதவு வரை அழைத்து வந்துள்ளது. பொருளையும் அறிய விழைவோர்க்கே அக்கதவு திறக்கும்.