ஸ்லைடுல இருந்த ‘அம்மா’ எங்கே போனாங்க?

செமினார் தேதி சொன்னதுமே வயித்துல புளியைக் கரைக்குதா? அதுவும் தமிழ்ல ஸ்லைடு போடணும்னா கேட்கவே வேண்டாம்.

மயிலாப்பூர்ல ஒரு காலேஜ் செமினார் ஹால்னு வச்சுக்குங்க. ராத்திரி 2 மணி வரைக்கும் முழிச்சிருந்து 20 ஸ்லைடு பண்ணி, பென் டிரைவ்ல ஏத்தி, 29சி பஸ்ல தொங்கிக்கிட்டு வந்து இறங்கியாச்சு. ஹால் கம்ப்யூட்டர்ல ஃபைலைத் திறந்தா, நீங்க ‘அம்மா’ன்னு அடிச்ச இடத்துல இங்கிலீஷ்ல எம், கே, செமிகோலன், கே, ஹெச்! பின்னாடி பெஞ்சுல ஒரே சிரிப்பு.

பதற வேண்டாம். வைரஸ் கிடையாது, ஃபைலும் கெட்டுப்போகலை. விஷயம் என்னன்னா, உங்க ஃபைல்ல முதல்லயிருந்தே தமிழ் இல்லை!

பாமினி மாதிரியான பழைய ஃபாண்ட்களில், ஆங்கில எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எழுத்துகளை வரைந்து வைத்திருப்பார்கள். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை நீங்கள் அடித்தது ஆங்கிலம்தான். அதற்குத் தமிழ் வேஷம் கட்டுவது ஃபாண்ட். அந்த ஃபாண்ட் இல்லாத மிஷினுக்குப் போனால் வேஷம் கலைந்துவிடும். போதாக்குறைக்கு, ஃபாண்ட் தயாரித்தவர்கள் எழுத்துகளை ஆளுக்கொரு வரிசையில் அடுக்கிவிட்டார்கள். ஒருத்தருடைய ‘க’ இன்னொருத்தரிடம் வேறு எதுவாகவோ தெரியும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999 பிப்ரவரியில் நம்ம சென்னையிலேயே ‘தமிழ்நெட் 99’ மாநாடு நடந்தது. தமிழ்99 கீபோர்டும், டாம், டாப் என்ற எழுத்துக் குறியீடுகளும் அதை ஒட்டி வந்தவைதான். உலக மொழிகளின் ஒவ்வொரு எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் யூனிகோடில் தமிழ் 1991-லேயே இடம்பிடித்துவிட்டது. 2010-ல் தமிழக அரசும் யூனிகோடை ஏற்று ஆணை போட்டது. ஆனா, ஜி.ஓ. போட்டதும் டி.டி.பி. கடை மாறிடுமா என்ன? இன்றைக்கும் பல கடைகளில் டைப் பண்ணக் கொடுத்தால் பழைய ஃபாண்டில்தான் அடித்துத் தருகிறார்கள். காசு கொடுக்கும் முன்னால் “யூனிகோடுல வேணும் அண்ணே”ன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

கையில் இருக்கிற ஃபைல் எந்த வகை என்று கண்டுபிடிப்பது ரொம்ப ஈஸி. நாலு வரியை காப்பி பண்ணி நோட்பேடில் பேஸ்ட் பண்ணுங்க. தமிழாகவே நின்றால் யூனிகோடு. ஆங்கில எழுத்தும் கமாவும் அடைப்புக்குறியுமாகச் சிதறினால் பழைய சரக்கு. அதற்காக 20 ஸ்லைடையும் திரும்ப அடிக்க வேண்டியதில்லை. பழைய குறியீட்டை யூனிகோடாக மாற்ற ‘அழகி’ போன்ற இலவச மென்பொருள்களிலேயே கன்வெர்ட்டர் இருக்கிறது. மாற்றிய பிறகு ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பாருங்கள்.

யூனிகோடுக்கு வந்துவிட்டால் எழுத்து அழியாது. ஆனால் அழகு கலையலாம். விண்டோஸ் 2000 காலத்திலிருந்து பழகிய ‘லதா’ ஃபாண்டை விண்டோஸ் 10-ல் தனியாகத்தான் சேர்க்க வேண்டும். அங்கே ரெடிமேடாக இருப்பது ‘நிர்மலா’. ஆப்பிள் மேக்கில் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் வடிவமைத்த ‘இணைமதி’ இருக்கும். நீங்கள் போட்ட ஃபாண்ட் அந்த மிஷினில் இல்லையென்றால் வேறொன்று வந்து உட்காரும், வரிகள் மடங்கும், தலைப்பு படத்தின் மேல் ஏறும். விண்டோஸ் பவர்பாயின்ட்டில் இதற்கு வழி உண்டு. ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று போனால் கடைசியில் ‘எம்பெட் ஃபாண்ட்ஸ் இன் த ஃபைல்’ என்று ஒரு கட்டம். அதை டிக் பண்ணி, ‘எம்பெட் ஆல் கேரக்டர்ஸ்’ தேர்ந்தெடுத்தால் ஃபாண்டும் ஃபைலுக்குள்ளேயே பயணம் செய்யும். ஃபைல் கொஞ்சம் குண்டாகும், பரவாயில்லை. இதை அனுமதிக்காத ஃபாண்ட்களும் உண்டு என்பதால் கையோடு ஒரு பி.டி.எஃப். காப்பியும் வைத்துக்கொள்ளுங்கள்.

வித்தியாசமான ஃபாண்ட் வேணுமா? காந்தி மண்டபம் சாலையில் இருக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகம் யூனிகோடு ஃபாண்ட்களையும் கீபோர்டு மென்பொருளையும் இலவசமாகவே தருகிறது. கூகுள் ஃபாண்ட்ஸில் ‘கட்டமரன்’, ‘முக்தா மலர்’ இரண்டும் புரொஜெக்டரில் பளிச்சென்று தெரியும். தமிழ் எழுத்தைச் சாய்த்து இத்தாலிக் போடுவதை மட்டும் தயவுசெய்து விட்டுடுங்க. பார்க்கிறவங்க கழுத்து வலிக்குது.

அடுத்தது சைஸ். ஆங்கிலத்தில் ஒரு வரியில் அடங்குவது தமிழில் ஒன்றரை வரி போகும். உடனே பவர்பாயின்ட் உங்களைக் கேட்காமலேயே எழுத்தைச் சுருக்கும். ‘ஆட்டோஃபிட்’ என்கிற இந்த உபகாரத்தை முதலில் நிறுத்துங்கள். 28 பாயின்ட்டுக்குக் கீழே போகுதா? எழுத்தைக் குறைக்காதீங்க, விஷயத்தை இரண்டு ஸ்லைடாப் பிரிங்க. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெரு மாதிரி ஸ்லைடு இருந்தால் யார் எதைத் தேடிப் படிப்பது?

இது வெறும் அழகு சமாச்சாரம் இல்லை. 2003 ஜனவரியில் கொலம்பியா விண்கலம் கிளம்பியபோது, எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. விண்கலம் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே, ஆபத்து எவ்வளவு என்று பொறியாளர்கள் நாசாவுக்கு ஸ்லைடுகளில் விளக்கினார்கள். பழைய சோதனைத் தகவல் வெறும் 3 கன அங்குலத் துண்டுக்கானது. மோதியதோ சுமார் 1,920 கன அங்குலம். 640 மடங்கு! அந்த எண் ஒரு நெரிசலான ஸ்லைடின் அடியில், சின்ன எழுத்தில் கிடந்தது. மேலே தலைப்போ நிம்மதி தருகிற மாதிரி இருந்தது. பிப்ரவரி 1-ம் தேதி கல்பனா சாவ்லா உட்பட 7 பேரும் இறந்தார்கள். விபத்துக்கு அந்த ஸ்லைடு மட்டுமே காரணமில்லை. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த விசாரணைக் குழு அறிக்கை, தொழில்நுட்ப அறிக்கைக்குப் பதிலாக பவர்பாயின்ட் காட்டும் பழக்கத்தைப் பெயர் சொல்லியே கண்டித்தது. உங்கள் பிராஜெக்ட்டின் முக்கியமான எண் எது? அது தலைப்பிலேயே இருக்கட்டும்.

மேடை ஏறினதும் கைகொடுக்கிற பட்டன்கள் சில. ‘பி’ தட்டினால் திரை கறுப்பாகும், எல்லோரும் உங்களைப் பார்ப்பார்கள். மறுபடி தட்டினால் ஸ்லைடு திரும்பி வரும். “அந்த 7-வது ஸ்லைடைக் காட்டுப்பா”ன்னு புரொஃபசர் கேட்டால் வரிசையாகத் தள்ளிக்கொண்டு போகாதீர்கள். 7 அடித்து என்டர், அவ்வளவுதான். வீட்டில் ஒத்திகை பார்க்க ஆல்ட்டும் எஃப்5-ம் சேர்த்து அழுத்துங்கள். புரொஜெக்டர் இல்லாமலே பிரசென்டர் வியூ வரும், உங்க குறிப்புகளும் கடிகாரமும் கண் முன்னாடி இருக்கும்.

சொந்த லேப்டாப் கொண்டு போறீங்களா? முந்தின நாளே ஹாலுக்குப் போய் புரொஜெக்டர் கேபிளைப் பாருங்க. பழைய புரொஜெக்டர்னா நீலக் கலர் வி.ஜி.ஏ. முனைதான் தொங்கும், புது லேப்டாப்பில் அதுக்கு ஓட்டையே கிடையாது. தி.நகர் போற ஃப்ரெண்டுகிட்ட ஒரு அடாப்டர் வாங்கிட்டு வரச் சொல்லிடுங்க. அப்படியே பழைய பென் டிரைவை வாங்கி, உங்க ஃபைலை வேற யாரோட கம்ப்யூட்டர்லயாவது ஒருதரம் திறந்து பார்த்துடுங்க.