மருந்தும் செவியும்

"ஐயா, அந்த மணிய நிப்பாட்டச் சொல்லுய்யா!"

ஈப்போவில் எங்கள் வீட்டில் பாட்டி காதைப் பொத்திக்கொண்டு அழுதார். மணி எதுவும் ஒலிக்கவில்லை. அம்மா கரண்டியைத் தட்டில் வைத்த சத்தம்தான் அது.

விடியற்காலைப் பிரட்டு மணிக்கு எழுந்து முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர் பாட்டி. தோட்டம் செம்பனைக்கு மாறி, லயன் வீடுகள் உடைக்கப்பட்டுப் பட்டணம் வந்த பிறகு அவருக்குத் தூக்கம் போனது. பல மாதங்கள் தூக்க மாத்திரை சாப்பிட்டவர், ஒரு நாள் தாமாகவே நிறுத்திவிட்டார். உறவினர்கள் 'காத்து கருப்பு' என்றனர். பருவ விடுமுறையில் இருந்த நான் காரணத்தைத் தேடிப் படித்தேன்.

ஒலியை வாங்குவது காது. அதற்குப் பொருள் தருவது மூளை. மூளை நரம்புகளின் வேகத்தைத் தணிக்கும் பிரேக்கு போன்றது 'காபா' என்னும் வேதிப்பொருள். 1963-இல் 'வேலியம்' என விற்பனைக்கு வந்த டயாசிபமும் அதன் இன மாத்திரைகளும் காபாவின் செயலை வலுப்படுத்துகின்றன. நாள்பட உண்டால் மூளை அதற்குப் பழகி, தன் சொந்தப் பிரேக்கைத் தளர்த்திக்கொள்கிறது. திடீரென மாத்திரையை நிறுத்தினால் சிறு சத்தமும் இடியாகக் கேட்கலாம். இங்கிலாந்தின் நியூகாசலில் 1982 முதல் 1994 வரை இப்பழக்கத்தை விடுவிக்கும் மருத்துவப் பிரிவை நடத்திய பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன் இந்த ஒலிக்கூச்சத்தைக் குறிப்பிட்டுள்ளார்.

வேறு மருந்துகள் வேறு விதமாக வேலை செய்கின்றன. மிடசோலம் ஊசி போட்டவர் மருத்துவர் சொல்வதைக் கேட்டு நடக்கலாம். பிறகு ஒன்றும் நினைவிருக்காது. ஆழ்ந்த மயக்கத்திலும் காதும் மூளைத்தண்டும் ஒலிக்குப் பதில் தருகின்றன. மூளைப்புறணியின் பதில்தான் மங்குகிறது. தூக்கக் கலக்கமும் தரும் வலிப்பு மருந்தான கார்பமசெபின், சிலருக்கு இசையை ஏறத்தாழ அரைச் சுரம் தாழ்த்திக் கேட்கச் செய்கிறது. இது பெரும்பாலும் ஜப்பானில் பதிவாகியுள்ளது. மருந்தை மாற்றினால் செவி பழைய நிலைக்குத் திரும்புகிறது.

பாட்டியை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் மாத்திரையை மீண்டும் கொடுத்து, அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்தார். திடீர் நிறுத்தம் வலிப்பில்கூட முடியலாம் என அவர் எச்சரித்தபோது எங்களுக்கு உடல் நடுங்கியது.

வாசக நண்பர்களே, உங்கள் வீட்டு முதியவர்களின் மாத்திரைப் பையை ஒருமுறை பாருங்கள். மருத்துவரைக் கேட்காமல் எதையும் நிறுத்த விடாதீர்கள். "சத்தம் தாங்கல" என்று அவர்கள் சொன்னால், பேய் என்பதற்கு முன் மருந்தை நினையுங்கள்.

சென்ற வாரம் பாட்டி என்னை அழைத்தார். "ஐயா, ரேடியோவ கொஞ்சம் சத்தமா வையி" என்றார்.