ஹீமோபிலியா மரபணுச் சிகிச்சையும் தடுப்பாற்றலும்: வேலூர் ஆய்வை முன்வைத்து

ஹீமோபிலியா 'ஏ', எக்ஸ் குரோமோசோம் வழியே வரும் பரம்பரைக் குருதி நோயாகும். குருதி உறைவதற்கு வேண்டிய எட்டாம் காரணி என்னும் புரதம் இந்நோயாளரிடம் குறைந்தோ இல்லாமலோ இருக்கும். அப்புரதத்தை ஊசி வழியே செலுத்துவது வழக்கமான மருத்துவம். ஆயின் பிறவி முதல் அதனை அறியாத உடல் அதனை அயற்பொருளாகக் கருதக்கூடும். கடுமையான நோயுடையோருள் ஏறத்தாழ 30 விழுக்காட்டினரிடம் அப்புரதத்தைச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருள்கள் தோன்றுகின்றன.

மரபணுச் சிகிச்சையிலும் தடுப்பாற்றல் வேறொரு தடையாகிறது. இந்நோய்க்கு ஒப்புதல் பெற்ற மரபணுச் சிகிச்சையில், அடினோ சார் வைரஸ் மரபணுவைக் கல்லீரலுக்குக் கொண்டுசெல்கிறது. அவ்வகை வைரஸ் முன்பே தொற்றியோரிடம் அதற்கான எதிர்ப்பொருள்கள் இருப்பதால், அவர்களுள் பலர் இச்சிகிச்சையைப் பெற இயலுவதில்லை.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் அலோக் ஸ்ரீவஸ்தவா குழுவினர் வேறு வழியை மேற்கொண்டனர். நோயாளியின் குருதி மூலச் செல்களைப் பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் லென்டிவைரஸ் கொண்டு மரபணுவைச் சேர்த்து, அவற்றை அவருக்கே திரும்பச் செலுத்தினர். வைரஸ் நேரடியாக உடலுக்குள் செலுத்தப்படாமையால் பழைய எதிர்ப்பொருள்கள் குறுக்கிடுவதில்லை. 2024 டிசம்பரில் வெளியான முடிவுகளின்படி, சிகிச்சை பெற்ற ஐவருக்கும் கண்காணிப்புக் காலத்தில் குருதிக்கசிவு நிகழவில்லை.

எனினும், புதிய செல்கள் எலும்பு மச்சையில் நிலைகொள்ள, முன்னதாகக் கடுமையான வேதிமருந்து தரப்பட வேண்டும். மேலும், எட்டாம் காரணிக்கு எதிர்ப்பொருள் கொண்டோர் இவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை. ஆகவே இம்முறை வைரஸுக்கு எதிரான தடையைக் கடந்துள்ளது; புரதத்துக்கு எதிரான தடையைக் கடக்குமா என்பது இனிவரும் ஆய்வுகளுக்குரிய வினாவாகும்.