பழைய காரின் கதவுக் கண்ணாடி: கோணலும் சீரமைப்பும்

நெடுநாள் உழைத்த பொருள்களின் மீது மக்களுக்குத் தனிப்பற்று உண்டு. அத்தகைய பொருள்களுள் ஒன்று அம்பாசிடர் கார். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை மூலமாகக் கொண்டு, மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1957 முதல் இதனை உருவாக்கி வந்தது. 2014 மே மாதத்தில் உற்பத்தி நின்றது. எனினும் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதிகளில் பெரியவர்களின் வீட்டுக் கொட்டகையிலோ திருமண வீட்டு வாசலிலோ இவ்வண்டியை நாம் இன்றும் காணக்கூடும். எஞ்சினைப் பேணுவதில் காட்டும் அக்கறையை இதன் உடையவர்கள் கதவுக் கண்ணாடியில் காட்டுவதில்லை. அது சாய்ந்து ஏறுவதையும், பாதியில் சிக்குவதையும், மூடிய பின்னும் இடைவெளி விடுவதையும் முதுமையின் இயல்பு எனப் பொறுத்துக்கொள்வர். அது சீர்செய்யத்தக்க குறையே என்பதை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காலதர்

இன்று நாம் வழங்கும் ‘ஜன்னல்’ என்னும் சொல் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தது. பழந்தமிழில் இதற்கு வழங்கிய பெயர்களுள் ஒன்று ‘காலதர்’ என்பதாம். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. குளிர்சாதன வசதி இல்லாத பழைய காருக்கு இப்பெயர் முற்றும் பொருந்தும். சித்திரை வெயிலில் கரிசல் நிலத்தின் ஊடே செல்வோர்க்குக் கண்ணாடி இறங்கினால்தான் காற்று. எதிரே லாரியொன்று புழுதி கிளப்பி வருங்கால் அது விரைந்து ஏறினால்தான் மூச்சு. முதியவர் ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் வேளையில் கண்ணாடி பாதியில் சிக்கி நின்றால், அது சிறு குறையாக இராது.

அமைப்பு

கதவின் உள்ளே நிகழ்வதை முதலில் அறிதல் வேண்டும். கண்ணாடியின் இரு பக்க விளிம்புகளும் கம்பளியோ வெல்வெட்டோ பதித்த சேனல்களுக்குள் ஓடுகின்றன. அதன் அடிவிளிம்பு ரப்பர்ப் பட்டையுடன் ஓர் இரும்புத் தவாளியில் இறுக்கமாக அமர்ந்திருக்கும். நாம் கைப்பிடியைச் சுழற்றும்போது ஏற்றுபொறியின் பற்சக்கரம் ஓர் இரும்புக் கையை உயர்த்துகிறது. அக்கையின் நுனியிலுள்ள உருளை, தவாளியைத் தாங்கி மேலே தள்ளுகிறது. ஆகவே தூக்குவது ஏற்றுபொறி. நேராகச் செலுத்துவது பக்கச் சேனல். இவ்விரண்டின் கடமையையும் பிரித்து உணர்ந்தால், பிழை எங்குள்ளது என்பது எளிதில் விளங்கும்.

பிழையைக் கண்டறிதல்

இடைவெளி எங்கே தோன்றுகிறது என்பதே முதல் வினா. கண்ணாடிக்கும் அதன் சட்டத்திற்கும் இடையே தோன்றினால் பிழை கதவின் உள்ளே உள்ளது. சட்டத்திற்கும் வண்டியின் உடலுக்கும் இடையே தோன்றினால் பிழை கீலிலோ வளைந்த சட்டத்திலோ உள்ளது. அப்போது கண்ணாடியைத் தொடுவதால் பயனில்லை. கதவைப் பாதி திறந்து, அதன் கடைமுனையை இரு கைகளாலும் மெல்ல உயர்த்திப் பார்த்தால் கீல் தேய்ந்திருப்பது தெரியும். தேய்ந்த கீலைச் சரிசெய்த பின்னரே மற்றவற்றைக் கவனித்தல் முறை.

கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்து ஏறினால், அது அடித்தவாளியில் நழுவியிருக்கலாம். அல்லது பக்கச் சேனல் தளர்ந்திருக்கலாம். மேலே இறுகிக் கீழே ஆடினால், இரு சேனல்களும் இணையாக இல்லை என்பது பொருள். கைப்பிடி சுழன்றும் கண்ணாடி அசையாவிடில் பற்கள் தேய்ந்திருக்கும். அல்லது உருளை விலகியிருக்கும்.

சீரமைக்கும் முறை

கைப்பிடிகளைக் கழற்றிக் கதவின் உள்ளட்டையை எடுக்க வேண்டும். பழைய வண்டிகளில் கைப்பிடியைச் சிறு பின் ஒன்று பிணைத்திருக்கும். அதனைத் தள்ளி எடுத்தால் கைப்பிடி கழன்றுவிடும். உள்ளட்டையின் பின்னே நீர்த்தடுப்புத் தாள் இருப்பின் அதனைக் கிழிக்காமல் பேணுதல் நன்று.

அடுத்த வேலை தூய்மை. கரிசல் மண்ணின் நுண்தூசு சேனலில் படிந்து இறுகிவிடும். அதனைத் தூரிகையால் அகற்றிய அளவிலேயே பாதிக் குறை தீர்ந்துவிடுவதும் உண்டு. இங்கே எச்சரிக்கை ஒன்று வேண்டும். இறுக்கம் நீங்கட்டும் என்று சேனலில் எண்ணெய் விடுவது தவறு. எண்ணெயும் தூசும் கலந்த குழம்பு உப்புத்தாள் போன்று கண்ணாடியைக் கீறிவிடும். கிரீஸ், ஏற்றுபொறியின் பற்களுக்கும் உருளைக்கும் மட்டுமே உரியது. கம்பளி தேய்ந்து இரும்பு வெளிப்பட்டிருந்தால் புதிய சேனல் பொருத்துவதே தக்க வழியாகும்.

பின்னர்க் கண்ணாடியை அடித்தவாளியில் நேராக அமர்த்த வேண்டும். பழைய இடத்தைச் சாக்கட்டியால் குறித்துக்கொண்டு, நழுவிய பக்கத்தை மரச்சுத்தியால் மிக மென்மையாகத் தட்டித் தவாளியைப் பழைய நிலைக்குக் கொணரலாம். ரப்பர்ப் பட்டை நைந்திருந்தால் அதே தடிப்புள்ள வேறொன்றை இட வேண்டும். மெலிந்த பட்டையில் கண்ணாடி மீண்டும் நழுவும்.

இறுதியாகச் சேனலையும் ஏற்றுபொறியையும் பிணைக்கும் போல்ட்டுகளைக் கழற்றாமல் சற்றே தளர்த்த வேண்டும். கண்ணாடியை மெல்ல உச்சி வரை ஏற்றினால், அது மேற்சட்டத்தின் பள்ளத்தில் அமர்ந்து தன் நிலையைத் தானே காட்டும். அந்நிலையில் போல்ட்டுகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஒன்றையே முழுதும் இறுக்கினால் கோணல் மீளும். பின்பு மும்முறை ஏற்றி இறக்கிப் பார்த்து, சுழற்றும் விசை எங்கும் ஒரே அளவினதாக இருந்தால் வேலை முடிந்தது எனக் கொள்ளலாம். அதன் பின்னரே உள்ளட்டையை மூட வேண்டும்.

இரு எச்சரிக்கைகள்

கதவுக் கண்ணாடி பெரும்பாலும் வெப்பத்தாலும் விரைந்த குளிர்வாலும் உரமூட்டப்பட்டது. அதன் முகப்பு வலியது; விளிம்போ நொய்யது. விளிம்பில் இரும்பு பட்டால் முழுக் கண்ணாடியும் நொடியில் சிறு துணுக்குகளாகச் சிதறும். ஆதலால் ஏறவில்லை என்று அதன் ஓரத்தைத் தேய்க்கவோ அறுக்கவோ கூடாது. வேலையின்போது கையுறை அணிவதும், கண்ணாடிக்கு மரக்கட்டையால் முட்டுக்கொடுப்பதும் இன்றியமையாதவை. சிறுவர் அருகில் இருத்தலும் ஆகாது.

மற்றொன்று, கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்ணாடி வழியே இறங்கும் நீர் அத்துளைகள் வழியாகவே வெளியேற வேண்டும். கோடைத் தூசு அவற்றை அடைத்துவிட்டால் நீர் தேங்கிக் கதவு துருப்பிடிக்கும்; சேனலின் அடிப்பிடிப்பும் அரிக்கப்பட்டுத் தளரும். ஒரு சிறு கம்பியால் ஆண்டுதோறும் மழைக்கு முன் அவற்றைத் திறந்துவிடுதல் போதும்.

குறை ஓரிடத்தில் இருக்க, வேறிடத்தில் விசை செலுத்துவதே பழைய பொருள்கள் அழிவதற்கு முதற்காரணம். சிக்கிய கண்ணாடியை வலிந்து சுழற்றுவோர் முதலில் ஏற்றுபொறியின் பற்களை இழக்கின்றனர். பின்னர்க் கண்ணாடியையும் இழக்கின்றனர். உற்பத்தி நின்றுபோன வண்டிக்கு உதிரிப்பாகம் தேடுவது ஆண்டுதோறும் அரிதாகி வருகிறது. இவ்வேலையில் கைதேர்ந்த முதிய பணியாளர்களும் பட்டறைகளில் குறைந்து வருகின்றனர். அவர்கள் வேலை செய்யும்போது மாணவர்கள் அருகிருந்து கண்டும் கேட்டும் குறித்துக்கொள்வார்களாயின், நூல்களில் ஏறாத ஓர் அறிவு அடுத்த தலைமுறைக்கும் கிட்டும்.