வீட்டுக்குள் கடல் வளர்க்கலாமா?

நம் சங்கத்தின் பொங்கல் விழா முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்த நண்பர்கள், கூடத்தில் இருக்கும் கடல்நீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். "சந்திரகிரியில் ஏது கடல்?" என்றார் ஒருவர். "நத்தையை விட்டால் தொட்டியைக் கழுவவே வேண்டாமாமே?" என்றார் இன்னொருவர். இரண்டுக்கும் மலரில் பதில் எழுதும்படி ஆசிரியர் கேட்டுக்கொண்டார். படித்ததைவிடப் பட்டதையே அதிகம் எழுதியிருக்கிறேன்.

நான் கீழக்கரைப் பக்கத்துக்காரன். வேலை நிமித்தம் இங்கே வந்து குடியேறியவன். கோட்டை உண்டு, மலை உண்டு, பக்கத்தில் ஸ்வர்ணமுகி ஆறும் உண்டு; கடல் மட்டும்தான் இல்லை. இங்கேயே பிறந்த என் மகள் தாத்தா ஊர்க் கடலை வருடத்துக்கு ஒருமுறைதான் பார்க்கிறாள். அவள் ஆசைக்காக வைத்ததுதான் இந்தத் தொட்டி. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கல்லும் மணலும் போக ஏறக்குறைய 200 லிட்டர் தண்ணீர் பிடிக்கும்.

கடல் செய்வது எப்படி?

1909-இல் சென்னை மெரினாவில் கடல்மீன் காட்சிசாலை திறந்தபோது அதற்குக் கடல் எதிரிலேயே இருந்தது. நமக்கு அந்த வசதி இல்லை. உப்புக் கரைத்துத்தான் கடல் செய்ய வேண்டும். சமையல் உப்பு உதவாது. கடல்நீரில் சோடியம் குளோரைடு மட்டுமல்ல, மக்னீசியம், கால்சியம், பைகார்பனேட் எல்லாம் உண்டு. அவற்றைச் சேர்த்துத் தயாரித்த உப்புக்கலவை பாக்கெட்டில் கிடைக்கிறது. லிட்டருக்கு 35 கிராம் கணக்கு. என் தொட்டிக்கு ஏழு கிலோ. உப்பின் அளவைப் பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சிறு கருவி உண்டு. அது இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். போர்வெல் தண்ணீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இருந்தால் பாசி மண்டிவிடும். அதனால் ஆர்.ஓ. தண்ணீரில்தான் கரைக்கிறேன்.

தண்ணீர் தயாரானதும் மீனை விட்டுவிடக் கூடாது. மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகும், அது விஷம். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷமே. இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றிய பிறகுதான் ஆபத்து குறையும். இந்தப் பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் குடியேற நாலு முதல் ஆறு வாரமாகும். அதுவரை வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக இருக்க வேண்டும்.

பவளம் வேண்டாம்

வெளிநாட்டுப் புத்தகங்களில் உயிருள்ள பவளம் வைத்த தொட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பாறை கட்டும் பவளங்களும் கடல்விசிறியும் கடற்குதிரையும் கடல் அட்டையும் 2001 முதல் புலிக்கு நிகரான பாதுகாப்புப் பெற்றவை. சில சங்கு வகைகளும் பட்டியலில் உண்டு. யாராவது நம் கடலில் எடுத்ததை மலிவாகத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள்.

சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததில் அவற்றில் இரண்டு கடலுக்குள் போய்விட்டன. அது எங்கள் ஊர்ப் பக்கம். அதனால் என் தொட்டியில் இருப்பது சாதாரணச் சுண்ணாம்புக்கல்தான். பாக்டீரியாவுக்கு அதுவே போதும். கோமாளி மீன்கூடக் கடலில் பிடித்ததாக இருக்க வேண்டியதில்லை. மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தாரும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் அதைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். வாங்கும்போது பண்ணைக் குஞ்சா என்று கேளுங்கள்.

துப்புரவுக்காரர்கள்

இப்போது நத்தைக்கு வருவோம். தொட்டியைச் சுத்தம் செய்ய விடும் உயிர்கள் பலவகை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலைதான் தெரியும்.

டுரோகஸ், டர்போ வகை நத்தைகள் கண்ணாடியிலும் கல்லிலும் படியும் பாசியை மேயும். மல்லாந்து விழுந்த டுரோகஸ் பெரும்பாலும் தானே புரண்டுகொள்ளும். டர்போவை நாம்தான் நிமிர்த்தி வைக்க வேண்டியிருக்கும். நசாரியஸ் என்ற நத்தை பாசி பக்கமே போகாது. மணலுக்குள் புதைந்து, தும்பிக்கை போன்ற குழலை மட்டும் வெளியே நீட்டியிருக்கும். தீனி வாசம் பட்டதும் எழுந்து வந்து மிச்சம் மீதியைத் தின்னும். துறவி நண்டு இழைப்பாசியையும் சிந்திய தீனியையும் தின்னும். பெயர்தான் துறவி, ஓடு பிடித்திருந்தால் நத்தையைக் கொன்று அதன் வீட்டுக்குக் குடிபோய்விடும். அதற்காக நாலைந்து வெற்று ஓடுகளைப் போட்டு வையுங்கள். சுத்தம் செய்யும் இறால் மீனின் உடம்பில் உள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்னும். அது சட்டை உரித்துப் போட்டால் இறால் செத்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

இவை அழுக்கைத் தின்கின்றனவே தவிர, அழுக்கு எங்கும் போய்விடுவதில்லை. தின்றது கழிவாகித் தண்ணீரிலேயே கரைகிறது. அதைத் தொட்டியை விட்டு வெளியேற்றுவது நம் கைதான்.

எனக்குக் கிடைத்த பாடம்

இது தெரியாமல் முதல் வருடம் சென்னையிலிருந்து 30 நத்தைகளை ஒரே தடவையில் வாங்கி வந்தேன். "தமிழில் நத்தை, தெலுங்கில் நத்த" என்று மகள் ஒவ்வொன்றையும் எண்ணி உள்ளே விட்டாள். மே மாதம் பத்து நாள் ஊருக்குப் போனோம். நம் ஊர் வெயிலில் மின்விசிறி வைத்த தொட்டியிலிருந்து தினம் நாலு லிட்டர் ஆவியாகும். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம், "நீல டிரம்மிலிருந்து தினமும் நாலு லிட்டர் ஊற்றுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனேன். அவர் ஒருநாள்கூடத் தவறவில்லை. ஆனால் அந்த டிரம்மில் நான் வைத்திருந்தது உப்புக் கரைத்த தண்ணீர்.

திரும்பி வந்தபோது நத்தைகள் மணலில் விழுந்து கிடந்தன. 30-இல் பிழைத்தவை ஆறு. செத்தவை அழுகி அம்மோனியா ஏறியதில் இரண்டு கோமாளி மீன்களில் ஒன்றும் போய்விட்டது. "தண்ணீர்தான் நிறைய இருக்கிறதே அப்பா, ஏன் செத்துப்போச்சு?" என்று மகள் கேட்டாள். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை.

பிறகு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். பத்து நாளில் 40 லிட்டர் உப்புநீர் ஊற்றினால் 1,400 கிராம் உப்பு கூடும். ஏழு கிலோ 8.4 கிலோவாகி, லிட்டருக்கு 35 கிராம் 42 ஆகிவிட்டது. மீன் ஓரளவு தாங்கும், நத்தை தாங்காது. "டிரம்மைக் காட்டியது நான்தான், தாத்தா மேல் தப்பில்லை" என்றும் சொன்னேன். அவளே போய்ப் பெரியவரிடம் அதைச் சொல்லிவிட்டு வந்தாள்.

நினைவில் கொள்ள வேண்டியவை

ஆவியான அளவுக்கு நல்ல ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். உப்புநீர், பழைய தண்ணீரை வெளியேற்றி மாற்றும்போது மட்டுமே. வாரம் பத்தில் ஒரு பங்கு மாற்றினால் போதும்.

நத்தைகளைப் பாசி வந்த பிறகு, நாலைந்தாக விடுங்கள். இன்று என் தொட்டியில் பத்து நத்தையும் மூன்று துறவி நண்டும்தான். அதற்கு மேல் விட்டால் பட்டினியால் சாகும். புதிதாக வந்ததை உடனே கொட்டாமல், ஒரு மணி நேரம் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் பழக்குங்கள்.

மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் தனித் தொட்டியில் வைத்து வைத்தியம் பாருங்கள். அதற்கான பல மருந்துகளில் செம்பு உண்டு. நத்தை, நண்டு, இறால் மூன்றையும் அது கொன்றுவிடும்.

தண்ணீரின் வெப்பம் 26 டிகிரியை ஒட்டி இருக்கட்டும். மின்வெட்டுக்குப் பேட்டரி காற்றுப் பம்ப் ஒன்று கையிருப்பில் இருக்க வேண்டும்.

ஊருக்குப் போகும்போது டிரம்மில் பெயர் எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் இப்போது இரண்டு டிரம்கள். 'உப்பு', 'நல்ல தண்ணீர்' என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதி ஒட்டியிருப்பவள் என் மகள்தான். பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் இன்றும் தண்ணீர் ஊற்றுகிறார்.